பெட்ரோமாக்ஸ் பின்னால் வந்த கரடு

தேர்ப்பாளையத்து வயர்மேன் நாச்சிமுத்துவும் அவர் மனைவி கோகிலவாணியும் புரட்டாசி மாதத்து மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை காட்டில் தங்கிவிட்டு வீடு திரும்பியபோது, பதினோரு கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த ஆமைக்கரடு என்கிற சின்னக் குன்று அவர்கள் வண்டிக்குப் பின்னாலேயே நடந்து வந்து, அவர்கள் வீட்டுக்கும் சந்தைத் திடலுக்கும் நடுவே கிடந்த பொட்டல் நிலத்தில் படுத்துக்கொண்டது. திங்கட்கிழமை காலையில் அதை முதலில் பார்த்தவர் பால்காரர். அவர் சைக்கிளை நிறுத்தி, கரட்டை உச்சியிலிருந்து அடிவரைக்கும் ஒருதரம் பார்த்து, "இனிச் சுத்திக்கிட்டுத்தான் போகோணுமாட்ட இருக்குது" என்று சொல்லிவிட்டு, சுற்றிக்கொண்டு போனார்.

நாச்சிமுத்துவுக்கு ஒரு வழக்கம் இருந்தது. மாதமெல்லாம் கம்பத்தில் ஏறி இறங்கி, ஊரிலுள்ள அத்தனை வீட்டுக்கும் வெளிச்சம் போய்ச் சேருகிறதா என்று பார்க்கிறவர், ஒரே ஒரு சனிக்கிழமை மட்டும் கூடாரத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டு, கண்ணுக்கெட்டின தூரத்துக்கு ஒரு மின்கம்பிகூடத் தெரியாத இடமாகத் தேடிப் போய்த் தங்குவார். பேட்டரி விளக்குகூட அவருக்கு ஆகாது. "பல்பு எரியறதைப் பார்த்தாலே எங்கியோ ஃபியூஸ் போயிருக்குமோன்னு கை நமநமங்குது" என்பார். அதனால் அவர்களோடு கூடாரத்துக்குப் போனதெல்லாம் சீமெண்ணெய் விளக்குகள்தான்: கூடாரத்துக்குள் தொங்கவிட ஓர் அரிக்கேன் லைட், ஓடைப்பக்கம் போய்வரக் கைக்கு ஒரு சிமினி விளக்கு, வெளியே சமைக்கவும் பேசவும் சும்மா உட்கார்ந்திருக்கவும் ஒரு பெரிய பெட்ரோமாக்ஸ்.

விளக்குகளெல்லாம் கோகிலவாணியின் பொறுப்பு. அவள் தையற்காரி. ரவிக்கைக்குக் கொக்கி வைத்துப் பழகிய விரல்களுக்கு, மேண்டில் என்கிற அந்தச் சின்ன வலைப்பையை விளக்கின் மூக்கில் சுருக்கம் விழாமல் கட்டுவது பெரிய வேலையே இல்லை. சீமெண்ணெயைத் துணியில் வடிகட்டி ஊற்றுவாள்; கிண்ணத்தில் ஸ்பிரிட்டை விட்டுக் கொளுத்தி, நீல நெருப்பு ஆடி ஆடி அடங்கும்வரை பொறுத்திருந்து, அடங்கப்போகும் அந்தக் கடைசி நொடியில் பம்பை அடிப்பாள்; அடிக்க அடிக்க மேண்டில் சிவந்து, மஞ்சளாகி, உஸ்ஸென்று மூச்சுவிட்டுக்கொண்டு பாலாக வெளுத்து, சுற்றியிருந்த வேலமரம், கற்றாழை, கல், புல், நாச்சிமுத்துவின் மீசை எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் எழுப்பி உட்காரவைத்துவிடும்.

அந்தச் சனிக்கிழமை அவர்கள் கூடாரம் கட்டியது ஆமைக்கரட்டின் அடிவாரத்தில். பெரிய மலையொன்றும் இல்லை. நிதானமாக ஏறினால் கால்மணி நேரத்தில் உச்சிக்குப் போய்விடலாம். ஓட்டுக்குள் பாதி தலையை இழுத்துக்கொண்ட ஆமை மாதிரி இருக்கும். கூடாரத்துக்கும் கரட்டுக்கும் நடுவே ஒரு கூப்பிடு தூரம் இருந்தது. காலையில் எழுந்து பார்த்தபோது அதன் மூக்குப் பாறை கூடாரக் கயிற்றைத் தொட்டுக்கொண்டிருந்தது.

"இவ்வளவு கிட்டத்துலயா கட்டினோம்?" என்றார் நாச்சிமுத்து.

"பொழுது மசங்குன நேரமில்லீங்களா, சரியாத் தெரிஞ்சிருக்காது" என்றாள் கோகிலவாணி.

அன்று சாயங்காலம் கிளம்பும்போது, வாடகைக்கு எடுத்து வந்த குட்டியானை வண்டியின் பின்பக்கச் சிவப்பு விளக்கு எரியவில்லை. ஊருக்கெல்லாம் விளக்குப் போடுகிறவர் தன் வண்டியில் விளக்கில்லாமல் போகிறார் என்ற பேச்சு வரக்கூடாது என்பதற்காக, நாச்சிமுத்து பெட்ரோமாக்ஸைப் பற்றவைக்கச் சொல்லி வண்டியின் பின்னால் கட்டினார். கோகிலவாணி விளக்கின் பக்கத்திலேயே, கூடாரச் சுருட்டின் மேல் சாய்ந்து, காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்துகொண்டாள். வண்டி இரண்டு வளைவு திரும்பிய பிறகுதான், பத்து வண்டி நெல்லைக் களத்தில் இழுத்துத் தள்ளுகிற மாதிரி ஒரு சத்தம் பின்னாலிருந்து வந்தது. நிமிர்ந்து பார்த்தாள். ஆமைக்கரடு வந்துகொண்டிருந்தது.

விளக்கு மங்கும்போது அது தயங்கி நின்றது. அவள் பம்பை நாலு அடி அடித்தாள், வெளிச்சம் எழும்பியது, கரடு மூக்கை நீட்டி மறுபடியும் வந்தது. தாழ்வான மின்கம்பி வந்த இடங்களில் முதுகைத் தாழ்த்திக்கொண்டது. அவள் முன்னாலிருந்த கணவரைக் கூப்பிட வாயெடுத்தாள், கூப்பிடவில்லை. கூப்பிட்டால் வண்டியை நிறுத்துவார், நிறுத்தினால் இது திரும்பிப் போய்விடும். நாற்பத்திரண்டு வயதுவரைக்கும் அவள் யாராவது ஒருவர் பின்னாலேயே நடந்தவள். சந்தையில் அம்மா பின்னால், பள்ளிக்கூடத்தில் அக்கா பின்னால், கல்யாணப் பந்தலில் மாலையோடு நாச்சிமுத்து பின்னால். அவளை நம்பி அவள் பின்னால் ஒரு நாய்க்குட்டிகூட வந்ததில்லை. இப்போது ஒரு கரடே வந்துகொண்டிருந்தது. தேர்ப்பாளையம் வரும்வரை அவள் பம்பிலிருந்து கையை எடுக்கவேயில்லை.

தேர்ப்பாளையம் அதற்கென்று ரொம்ப மெனக்கெடவில்லை. திங்கட்கிழமை ஊராட்சித் தலைவர் தண்டபாணி வந்து, பொட்டல் நிலம் புறம்போக்குத்தானா என்று விசாரித்து, புறம்போக்குத்தான் என்று தெரிந்ததும், யார் இடத்தையும் கரடு ஆக்கிரமிக்கவில்லை என்று நிம்மதியாக டீக் குடிக்கப் போனார். செவ்வாய்க்கிழமை கிராம நிர்வாக அலுவலர் வந்து வரைபடத்தை விரித்து, பென்சிலால் ஓர் ஆமையை வரைந்து, பக்கத்தில் தேதி போட்டுவிட்டுப் போனார். புதன்கிழமைக்குள் அதன் மூக்கில் யாரோ மஞ்சள் துணி கட்டிவிட்டார்கள். வியாழக்கிழமை அதற்கு வேண்டிக்கொண்ட ஒருத்தியின் மகனுக்குப் பல்வலி நின்றுவிட்டது. சர்க்கரை வியாதிக்காரர்கள் விடிகாலையில் ஏறி இறங்கினார்கள். அவர்களுக்காகப் பாதி வழியில் ஒரு டீக்கடை வந்தது; டீக்கடைக்குப் போகப் படி வந்தது; உச்சியில் எந்தக் கொடி என்று இன்னும் முடிவாகாத ஒரு கொடிமரத்தைச் சிமென்ட் போட்டு நட்டார்கள்.

கரட்டின் எதிரொலிதான் ஊருக்கு ரொம்பப் பிடித்துப்போனது. இங்கே என்ன கத்தினாலும் அது அதைத் திருப்பிச் சொல்லவில்லை. தன் பழைய ஊரில் கேட்டுவைத்ததைத்தான் சொன்னது. பிள்ளைகள் "ஓய்ய்ய்" என்று கூவினால், கொஞ்சம் யோசித்துவிட்டு, "கருவாச்சி அந்தப் பக்கம் போவுது பாரு, மடக்குடி" என்றது. உடற்பயிற்சி வாத்தியார் விசில் ஊதினால், "வாரேன் வாரேன், கஞ்சியக் குடிச்சுப்போட்டு வாரேன்" என்றது. பார்த்தேயிராத ஒரு ஊரில் யாருக்கு யார்மேல் கோபம், யார் வீட்டுக் கோழி யார் வீட்டில் முட்டை வைத்தது என்பதெல்லாம் ஒரே வாரத்தில் தேர்ப்பாளையத்துக்கு மனப்பாடமாகிவிட்டது.

கோகிலவாணி யாரோடும் அதிகம் பேசவில்லை. பகலெல்லாம் தையல் மெஷினில் உட்கார்ந்திருப்பாள். பொழுது சாய்ந்ததும் கொல்லையில் பெட்ரோமாக்ஸைப் பற்றவைத்து ஆணியில் மாட்டுவாள். விளக்கு உஸ்ஸென்றதும் கரடு ஒரு முழம் நகர்ந்து வந்து மதில்மேல் தாடையை வைத்துக்கொள்ளும். பகல் வெயிலெல்லாம் பாறையில் ஏறியிருந்து, சாயங்காலத்தில் அடுப்படிச் சுவர்போல வெதுவெதுவென்று இருக்கும். அவள் அதில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து வெங்காயம் உரிப்பாள். ஒரு வாரத்தில் மதில் சரிந்தது; துணி காயப்போடும் கம்பியும் போனது. நாச்சிமுத்து புதுக்கம்பியை இரண்டு கெஜம் தள்ளிக் கட்டினார்.

ஒன்பதாம் நாள் காலையில் முப்பது ஆடுகள் ஊருக்குள் வந்தன. தார்ரோட்டில் வரிசையாக, ஒருவர் தோட்டத்திலும் வாய்வைக்காமல் வந்து, நேரே கரட்டின்மேல் ஏறி, தெரிந்த வீட்டில் தெரிந்த பாத்திரத்தை எடுக்கிறவர்கள்போல ஆளுக்கொரு புதரைப் பிடித்துக்கொண்டு மேயத் தொடங்கின. அரைமணி நேரம் கழித்து, கையில் தொரட்டியோடு, வேர்த்து விறுவிறுத்து, ஐம்பது வயதுப் பெண் ஒருத்தி வந்து சேர்ந்தாள். ஆமைக்கரடு இருந்த கரட்டுவலசுக்காரி, பெயர் சாமியாத்தாள். நாலு பேரிடம் விசாரித்துக் கோகிலவாணியின் வாசலுக்கு வந்தாள்.

"எங்கூர்க் கரட்டைக் கூட்டீட்டு வந்தது நீங்கதானுங்களா?"

"கூட்டீட்டு வரலீங்க அக்கா. அதுவாத்தான் வந்துச்சு" என்றாள் கோகிலவாணி. சொல்லும்போது அவள் கை முந்தானையைச் சுருட்டிக்கொண்டிருந்தது.

"சித்தெ தண்ணி குடுங்க அம்மணி. பொறவு பேசிக்கலாம்."

குடித்துவிட்டுப் பேசினாள். அவள் பேச்சைக் கேட்க அன்று சாயங்காலம் ஊரே கரட்டின் அடியில் கூடியது. சாமியாத்தாள் தொரட்டியை ஊன்றிக்கொண்டு எழுந்து நின்றாள்.

தலைவர் தண்டபாணி தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார். "பாருங்கம்மா. எங்கூர்ல ஆறில்லை, ஏரியில்லை, பேர் சொல்ல ஒரு கோட்டையில்லை. பேர்லதான் தேர் இருக்குது, ஊர்ல அதுகூட இல்லை. இந்தக் கரடு நாங்க கூப்புடாம ஒறம்பரையா வந்திருக்குது. வூட்டுக்கு வந்த ஒறம்பரையப் போன்னு எப்படிங்க சொல்றது?"

"உங்களுக்கு அது வந்துதுங்க. எங்களுக்குப் போச்சுங்களே" என்றாள் சாமியாத்தாள். "ஐப்பசி பொறக்கப் போகுது. கரட்டு மேல விழற தண்ணிதானுங்க ஓடியாந்து எங்க குட்டையை ரொப்பும். அதைக் குடிச்சுத்தான் இருநூறு ஆடு மாடு அடுத்த ஆடி வரைக்கும் உசுரோட இருக்கும். கரடு இல்லாத எடத்துல மழை பேஞ்சு என்ன, பேயாட்டி என்ன? அதுவே வரமாட்டேன்னு சொல்லட்டுமுங்க, நான் பேசாமப் போயிர்றேன்."

தலைவருக்கு அது நியாயமாகப் பட்டது. கரட்டைப் பார்த்துத் திரும்பி நின்று, துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, உரக்கக் கேட்டார். "ஆமைக்கரடே, நீ இருக்கறயா, போறயா?"

கரடு, "சோத்துக்கு வாரியா இல்லியாடா ராசப்பா, எத்தன வாட்டிடா கூப்புடறது" என்றது.

கூட்டம் சிரித்தது. சாமியாத்தாள் மட்டும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "போய்ச் சேர்ந்த எம் மாமியா கொரலுங்க அது. ராசப்பன்னா எங்கூட்டுக்காரரு. இப்பவும் அப்படித்தான், சோத்துக்குக் கூப்புட்டா வரமாட்டாரு" என்றவளுக்குக் கண் கலங்கியிருந்தது. சிரித்தவர்கள் சிரிப்பை நிறுத்திக்கொண்டார்கள்.

அப்போதுதான் கோகிலவாணி எழுந்தாள். இரண்டு பேருக்கு மேல் கூடியிருக்கிற இடத்தில் அவள் வாய் திறந்து யாரும் கேட்டதில்லை.

"அதுவா வரலீங்க" என்றாள். "நான் பொய் சொல்லிப்போட்டேன். விளக்கைப் பார்த்துத்தான் வந்துச்சு. நின்னுநின்னு வந்துச்சு. நான் பம்பு அடிக்காம வுட்டிருந்தா அங்கியே நின்னிருக்கும். நான்தான் அடிச்சு அடிச்சுக் கூட்டீட்டு வந்தேன்."

நாச்சிமுத்து அவளை அண்ணாந்து பார்த்தார். "எங்கிட்டக்கூடச் சொல்லலியே அம்மணி?"

"சொன்னா வண்டிய நிறுத்தியிருப்பீங்க."

"நிறுத்தித்தான் இருப்பேன்" என்று ஒத்துக்கொண்டார் அவர்.

சாமியாத்தாள் திட்டுவாள் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். அவள் தொரட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கோகிலவாணியின் பக்கத்தில் வந்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில், "அது உனக்குப் பொறவால வர்றப்ப எப்படி இருந்துச்சு கண்ணு?" என்று கேட்டாள்.

"முதுகுல அனலடிச்சாப்பல" என்றாள் கோகிலவாணி. "ஆனாச் சுடலைங்க."

"முப்பது ஆட்டுக்கு முன்னால நடக்கறவளுக்குத் தெரியாதா அது" என்றாள் சாமியாத்தாள். "இருந்தாலும், கொண்டாந்து வுட்டுரு கண்ணு."

"வுட்டுர்றேங்க அக்கா."

ஐப்பசி பிறந்ததும் வந்த முதல் வியாழக்கிழமை சாயங்காலம் கரட்டை அழைத்துப் போவதென்று முடிவாயிற்று. வரும்போது குனிந்து வந்த கரடு, இப்போது உச்சியில் கொடிமரம் இருப்பதால் குனிந்தாலும் கம்பியில் மாட்டும். சிமென்டில் நட்டதைப் பிடுங்கவும் முடியவில்லை. அதனால் பதினோரு கிலோமீட்டருக்கும் மின்சாரத்தை நிறுத்தி, குறுக்கே போகிற கம்பிகளை ஒவ்வொன்றாக இறக்கி, கரடு தாண்டியதும் மறுபடி ஏற்றவேண்டும். நாச்சிமுத்து மேலதிகாரிக்கு எழுதிய விண்ணப்பத்தில் காரணம் என்ற இடத்தில் "கரடு கடந்து செல்வதால்" என்று எழுதினார். மேலதிகாரி அதில் ஓர் ஒற்றுப்பிழையைத் திருத்திக் கையெழுத்துப் போட்டார்.

சீமெண்ணெய்க்குத்தான் திண்டாட்டம். சைக்கிள் செயினுக்குப் போட வைத்திருந்தது, பேனுக்குத் தடவ வைத்திருந்தது, எதற்கென்றே தெரியாமல் பரணில் கிடந்தது என்று ஊரில் இருந்த அத்தனை பாட்டிலும் கோகிலவாணியின் வாசலுக்கு வந்து சேர்ந்தன. மேண்டில் நாலுதான் இருந்தது.

பொழுது விழுந்ததும் அவள் விளக்கைப் பற்றவைத்தாள். ஒரு மூங்கில் கழியின் நுனியில் மாட்டித் தோளில் சாய்த்துக்கொண்டு நடந்தாள். கரடு சரிந்த மதிலிலிருந்து தாடையை எடுத்து, பொட்டலைவிட்டு இறங்கி, தார்ரோட்டுக்கு வந்தது. அதன்மேல் ஆடுகள் இருந்தன. இறங்க மனமில்லாத டீக்கடைக்காரர் இருந்தார். அவரைச் சுற்றிச் சர்க்கரை வியாதிக்காரர்கள் இருந்தார்கள். பின்னால் தேர்ப்பாளையமும், அழைத்துப்போக வந்திருந்த கரட்டுவலசும் கட்டுச்சோற்று மூட்டைகளோடு நடந்தன. அவ்வளவு நாளும் எதிரொலியில் கேட்டே பழகிய ராசப்பனை நேரில் பார்த்த தேர்ப்பாளையத்துக்காரர்கள், "நீங்கதானா அது? சோத்துக்குப் போனீங்களா இல்லியா?" என்று கேட்டுக் கேட்டு அவரை வெட்கப்பட வைத்தார்கள். எப்போதும் ஒரு கம்பி முன்னதாகப் போய்க் கம்பத்தின் மேல் இருந்தார் நாச்சிமுத்து. அவர் இறக்குவார், கரடு தாண்டும், அவருடைய ஆட்கள் ஏற்றுவார்கள். கரடு போன தடமெல்லாம் மண் மாவாகச் சலித்துக் கிடந்தது. அந்தத் தடத்தில் அந்த வருஷம் கொள்ளு மார் உயரம் வளர்ந்ததாகப் பிறகு சொன்னார்கள்.

முதல் மேண்டில் மூன்றாவது கிலோமீட்டரில் ஒரு வண்டு மோதி உதிர்ந்தது. கோகிலவாணி சேலைத்தலைப்பால் காற்றை மறைத்துக்கொண்டு, அரிக்கேன் வெளிச்சத்தில் புதிதைக் கட்டிக் கொளுத்தும்வரை கரடு மாட்டைப்போல நின்று காத்திருந்தது. இரண்டாவதை உடைத்தது தலைவர். கொஞ்ச தூரம் தானும் விளக்குப் பிடிக்கவேண்டும் என்று கேட்டு வாங்கி, இருபது அடி வைப்பதற்குள் வேட்டி தடுக்கி விழுந்தார்.

ஆறாவது கிலோமீட்டரில் ஒரு தோட்டத்து வீட்டில் கல்யாணம். காலையில் முகூர்த்தம். மின்சாரம் நின்றுபோனதால் பெண்வீட்டார் எங்கிருந்தோ மூன்று பெட்ரோமாக்ஸை வாங்கி வந்து பந்தலில் மாட்டியிருந்தார்கள். மூன்று விளக்கைப் பார்த்த கரடு, கோகிலவாணியின் ஒற்றை விளக்கைவிட்டுத் திரும்பி, வாழைமரம் கட்டிய வாசலுக்குப் போய் நின்றது. உள்ளே சந்தனம் கொடுத்துக்கொண்டிருந்த பெண்ணின் தகப்பனார் வெளியே வந்து பார்த்தார்.

"வாங்க வாங்க" என்றார் பழக்கதோஷத்தில்.

விஷயத்தைச் சொன்னார்கள். விளக்கைக் கொஞ்ச நேரம் அணைத்தால் போதும் என்றார்கள். அவர் துண்டை உதறினார். "நல்ல காரியத்துல விளக்கை அணைக்கச் சொல்றீங்களா? எம் மக தாலி கட்டிக்கப் போறவ. கரடு போனாலும் சரி, மலையே போனாலும் சரி, அணைக்க மாட்டனுங்க."

ஒரு பக்கம் அணைக்கமாட்டேன் என்கிறார், ஒரு பக்கம் கரடு நகரமாட்டேன் என்கிறது. அப்போது உள்ளேயிருந்து கல்யாணப்பெண்ணே பட்டுச்சேலையோடு வந்து, "அணைக்க வேண்டாமுங்க அப்பா. அறைக்குள்ளாற வெச்சுக் கதவைச் சாத்திக்கலாம். விளக்கு விளக்காட்டவே இருக்கும், அதுக்கும் தெரியாது" என்றாள். ஊரார் "அட!" என்றார்கள்.

தகப்பனார் அதற்கும் ஒரு நிபந்தனை வைத்தார். வாசலுக்கு வந்தது சாப்பிடாமல் போகக்கூடாது. ஆகவே கரட்டின் மூக்குக்கு நேரே தலைவாழை இலை போட்டு, தண்ணீர் தெளித்து, இனிப்பு முதல் மோர் வரைக்கும் வரிசையாகப் பரிமாறி, பெண்வீட்டார் எல்லாரும் கைகட்டி நின்றார்கள். பிறகு விளக்குகள் அறைக்குள் போயின, கதவுகள் சாத்தப்பட்டன, இருட்டில் இலை சரசரத்தது. கரடு திரும்பிக் கோகிலவாணியின் பின்னால் வந்தபோது இலை காலியாக இருந்தது. ஆடுகள்தான் இறங்கித் தின்றன என்று சாமியாத்தாளுக்குத் தெரியும். அவள் சொல்லவில்லை.

மூன்றாவது மேண்டில் எப்படி உடைந்ததென்று யாருக்கும் தெரியவில்லை. நாலாவதைக் கட்டும்போது கோகிலவாணி முடிச்சை இரண்டுதரம் இறுக்கிப் பார்த்தாள். அதற்குப் பிறகு அவள் யாருடைய பேச்சுக்கும் திரும்பவில்லை. ஓர் அடி, இன்னோர் அடி, மேடு பார்த்து, பள்ளம் பார்த்து, கழி ஆடாமல், மூச்சுக்கூட விளக்கின் பக்கம் போகாமல், எண்ணெய் தீரும்போது ஊற்றி, காற்று இறங்கும்போது பம்பு அடித்து, பின்னால் அந்த நெல்லிழுக்கும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நடந்தாள். கிழக்கே கரட்டுவலசுக் குட்டை கண்ணுக்குத் தெரிந்தபோது விடியப்போகிற நேரம்.

குட்டையின் மண்வாசனை அவளுக்கு முன்னால் கரட்டுக்குத்தான் எட்டியது. கரடு பழையபடி ஊருக்கு மேற்கே போய்ப் படுக்கவேண்டும். அவள் ஊரைச் சுற்றி மேற்கே போகிற வண்டித்தடத்தில்தான் திரும்பினாள். கரடு திரும்பவில்லை. கட்டுத்தறியைக் கண்ட கன்று மாதிரி, குட்டையைப் பார்த்து, கிழக்கே நாலு பாய்ச்சல் பாய்ந்தது. பாய்ந்த வேகத்தில் எழுந்த காற்று விளக்கில் அடித்தது. மேண்டில் பொசுக்கென்று உதிர்ந்து, சாம்பல் கண்ணாடிக்குள் கொட்டியது. இருட்டிவிட்டது. கரடு இருந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டது.

எல்லாரும் ஒரே சமயத்தில் பேசினார்கள். அரிக்கேன் விளக்கைக் காட்டிப் பார்த்தார்கள், அது கண்டுகொள்ளவில்லை. கரட்டுவலசு இளவட்டங்கள் தோள்கொடுத்துத் தள்ளிப் பார்த்தார்கள். நாச்சிமுத்து, "கல்யாண வூட்டுல மேண்டில் இருக்கும், சைக்கிள் குடுங்க, ஒரு மணி நேரத்துல வந்துர்றேன்" என்று வேட்டியை மடித்துக் கட்டினார்.

"சித்தெ இருங்க தம்பி" என்றாள் சாமியாத்தாள்.

அவள் கரட்டைச் சுற்றி வந்தாள். கையால் தடவிக்கொண்டே ஒரு முழுச் சுற்று வந்தாள். கரடு குட்டைக் கரைமேலே, குழந்தைக்குச் சோறூட்ட உட்கார்ந்தவள் மாதிரி குனிந்து உட்கார்ந்திருந்தது. மேலே விழுகிற ஒரு சொட்டுகூட வேறெங்கும் போக வழியில்லை.

"பழைய எடம் இது இல்லீங்களே அக்கா" என்றாள் கோகிலவாணி. "மேக்கால கொண்டுபோய் வுடறேன்னு சொன்னேன். கிழக்கால வுட்டுட்டேன்."

"நீ கொண்டுபோற எடத்துக்கா அது போகும்? அது உக்கார நெனச்ச எடத்துல உக்காந்துச்சு. ரா முச்சூடும் நடந்திருக்குது. படுக்கட்டும் வுடு கண்ணு."

கோகிலவாணி விளக்கைத் தரையில் வைத்தாள். யாரும் பார்க்காதபோது கரட்டுக்கு முன்னால் போய் நின்று, பத்தடி நடந்து, திரும்பிப் பார்த்தாள். அது வரவில்லை. இன்னும் பத்தடி நடந்து திரும்பினாள். வரவில்லை. அப்படியே நின்று கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு, ஒரு கரட்டிடம் கோபித்துக்கொண்டு இருட்டில் நிற்கிறோமே என்று சிரிப்பு வந்தது. வந்து அதன்மேல் சாய்ந்து உட்கார்ந்தாள். நாச்சிமுத்து வந்து பக்கத்தில் உட்கார்ந்து, கம்பி பிடித்துக் காய்த்துப்போன கையை அவள் மடியில் போட்டார். "இனிமே எனக்குப் பின்னால என்ன வந்தாலும் சொல்லீர்றேங்க" என்றாள். "சொல்லு. வண்டிய நிறுத்தாமக் கேட்டுக்கறேன்" என்றார். இரண்டு ஊர்க்காரர்களும் துண்டையும் சாக்கையும் விரித்து, கிடைத்த இடத்தில் சாய்ந்தார்கள். சர்க்கரை வியாதிக்காரர்கள் மேலேயே தூங்கிவிட்டார்கள்.

அன்றைக்குக் கரட்டுவலசில் ஆறு மணிக்கு விடியவில்லை. ஆறரைக்கும் விடியவில்லை. கரடு கிழக்கே உட்கார்ந்திருந்ததால் சூரியன் அதன் முதுகுக்கு அந்தப் பக்கம் ஏறிக்கொண்டிருந்தான். சேவல்கள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு பேசாமல் இருந்தன. ஆடுகள் அசைபோடுவதை நிறுத்தவில்லை. சாணி தெளிக்க எழுந்த பெண்கள் கண்ணைத் திறந்து, இன்னும் இருட்டாக இருக்கிறதே என்று புரண்டு படுத்தார்கள். வெயில் கரட்டின் உச்சியைத் தாண்டி முதல்முதலாகச் சாமியாத்தாளின் முகத்தில் விழுந்தபோது மணி எட்டேகால். அவள் பதறி எழுந்து சுற்றிலும் பார்த்தாள். ஊரே வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தது. ஐம்பது வருஷத்தில் ஒருநாளும் கோழிக்கு முன்னால் எழாமல் இருந்ததில்லை அவள். ஒரு கணம் வெட்கப்பட்டாள். பிறகு வெயிலுக்கு முதுகைக் காட்டி மறுபடியும் படுத்துக்கொண்டாள்.

மூன்றாம் நாள் மழை இறங்கியது. குட்டை ஒரே ராத்திரியில் நிறைந்து வழிந்தது. கரட்டை மேற்கே நகர்த்த வேண்டும் என்ற பேச்சை அதற்கப்புறம் யாரும் எடுக்கவில்லை. பள்ளிக்கூடம் பத்து மணிக்குத் தொடங்குகிறது; காலைப் பேருந்து ஒன்பதரைக்கு வருகிறது; ஓட்டுநர் முன்கூட்டியே வந்துவிட்டால் வண்டியில் கொஞ்சம் கண்ணயர்கிறார். முன்பெல்லாம் தண்ணியில்லாக் காடு என்று கரட்டுவலசு மாப்பிள்ளைகளுக்குப் பெண் கொடுக்க யோசிப்பார்கள். இப்போது சுற்றுவட்டாரத்தில் அந்த ஊருக்குத்தான் போட்டி. பெண் பார்க்கும் இடத்தில், மாப்பிள்ளை என்ன படித்திருக்கிறார், என்ன வேலை என்று கேட்டுக்கொண்டிருக்கும் பெரியவர்களைக் கதவுக்குப் பின்னாலிருந்து பெண்ணே இடைமறித்து, "அதெல்லாம் இருக்கட்டுமுங்க, அந்த ஊர்ல எட்டேகால் வரைக்கும் தூங்கலாமாமே, நெசமுங்களா?" என்று கேட்கிறாள்.